பறவை மூளையில் பயம் எங்கே பதிகிறது?

ஒலி எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.

இன்னிக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். எங்க வீட்டு மொட்டை மாடிக்கு இப்பல்லாம் நான் தலையில துண்டு போட்டுக்காம போறதில்லை. காரணம், ரெண்டு காக்கா.

போன மே மாசம். பக்கத்து வேப்ப மரத்துக் கூட்டுல இருந்து ஒரு காக்காக் குஞ்சு எங்க மாடியில வந்து விழுந்துச்சு. இறகெல்லாம் முளைச்சிருந்தது, ஆனா சரியா பறக்க வரலை. பூனை வந்துடுமேன்னு ரெண்டு கையாலயும் அள்ளி எடுத்து, ஒரு அட்டைப் பெட்டியில போட்டு, தண்ணித் தொட்டி மேல வச்சேன். அந்தக் குஞ்சு என் கையில இருந்தது அதிகபட்சம் ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷமும் அதோட அப்பா அம்மா என் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தினதுல தெருவுல இருந்த மொத்தக் காக்காவும் வந்து சேர்ந்துடுச்சு. சாயங்காலம் குஞ்சு தத்தித் தத்தி தானாவே கிளைக்குப் போயிடுச்சு. ஒரு உயிரைக் காப்பாத்தின திருப்தியில நான் தூங்கப் போயிட்டேன்.

மறுநாள் காலையில காயப்போட்ட துணியை எடுக்கப் போறேன். பின்மண்டையில ஒரு அடி. திரும்பிப் பார்த்தா காக்கா. அடுத்த நாளும் அதே. அதுக்கு அடுத்த நாளும். "காக்கா தலையில தட்டினா நல்லதில்லடா"ன்னு அம்மா சனிக்கிழமை கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுட்டு வந்தாங்க. ஆனா பாருங்க, அதே மாடியில தினமும் சோறு வைக்கிற அம்மாவை அந்தக் காக்கா ஒண்ணும் பண்ணலை. என் தம்பியையும் ஒண்ணும் பண்ணலை. நான் மட்டும்தான். மாசக் கணக்காச்சு, இன்னும் நான் மாடிக் கதவைத் திறந்தாலே கத்தல் ஆரம்பிச்சுடுது.

நான் நல்லதுதானே செஞ்சேன்? ஆனா அந்தப் பறவையோட மூளையில பதிஞ்சது என் எண்ணம் இல்லை. "இந்த முகம் என் குஞ்சைப் பிடித்தது" என்பதுதான். அது எங்கே பதிந்தது, எப்படிப் பதிந்தது, அதை அழிக்க முடியுமா? இன்றைய எபிசோடில் இந்த மூன்று கேள்விகளைப் பார்க்கப் போகிறோம்.

சியாட்டிலில் ஒரு முகமூடி

இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் குறிப்பிடுகிற ஆய்வு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நடந்தது. அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்று ஒரு பறவையியல் பேராசிரியர். காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவது அவருடைய வேலையில் ஒரு பகுதி. ஒருமுறை பிடிபட்ட காகங்கள் அதன் பிறகு தங்களைக் கண்டாலே எச்சரிக்கையாகி விடுவது போல அவருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. தோன்றினால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும் இல்லையா?

2006இல் அவர்கள் ஒரு குகை மனிதன் முகமூடியைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் 7 காகங்களைப் பிடித்தார்கள். வளையம் மாட்டி உடனே விட்டுவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார்கள். அது அப்போது துணை அதிபராக இருந்த டிக் சேனியின் முகம். அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு யாரும் எந்தக் காகத்தையும் தொடவில்லை.

பிறகு வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு உடைகளில், இந்த முகமூடிகளைப் போட்டுக்கொண்டு வளாகத்தில் சும்மா நடந்தார்கள். டிக் சேனி நடந்தபோது காகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குகை மனிதன் நடந்தபோது மேலே பறந்து வந்து கடுமையாகக் கரைந்தன. உள்ளே இருந்த ஆள் உயரமா, குள்ளமா, ஆணா, பெண்ணா, எப்படி நடக்கிறார் என்பதெல்லாம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. முகம்தான் கணக்கு.

இதில் என்னை உலுக்கியது ஒரு எண். இரண்டு வருடம் கழித்து, 2008இல், மார்ஸ்லஃப் அந்த முகமூடியோடு ஒரு நாள் நடந்தபோது வழியில் கண்ட 53 காகங்களில் 47 காகங்கள் அவரைத் திட்டித் தீர்த்தன. பிடிபட்டது எத்தனை? 7. அப்படீன்னா மீதி 40 காகங்களுக்கு இந்த முகம் ஆபத்தானது என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியை அப்படியே ஓரமா வச்சுக்கோங்க, பின்னாடி வருவோம். முதலில் ஒரு காகத்தின் தலைக்குள்ளே போவோம்.

"பறவை மூளை" என்று திட்டலாமா?

பறவை மூளையைப் பற்றி அறிவியலுக்கே ரொம்ப நாள் ஒரு இளக்காரம் இருந்தது. பாலூட்டிகளுக்கு மூளையின் மேற்பரப்பில் அடுக்கடுக்கான புறணி இருக்கிறது. பறவைகளுக்கு அந்த அடுக்கு அமைப்பு அப்படியே இல்லை. பெரும்பகுதி கொத்துக் கொத்தான நரம்பணுக் கூட்டம். இதைப் பார்த்துவிட்டு, சுமார் நூறு வருடங்களுக்கு முன் லுட்விக் எடிங்கர் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளரும் அவர் வழி வந்தவர்களும் பறவையின் முன்மூளை பெரும்பாலும் உள்ளுணர்வுக்கான பழைய பகுதிதான், யோசிக்கிற பகுதி அதில் கிடையாது என்று முடிவு கட்டினார்கள். பகுதிகளுக்குப் பெயர் வைத்ததும் அந்த நினைப்பில்தான்.

அந்தப் பெயர்கள் 21ஆம் நூற்றாண்டு வரை பாடப் புத்தகங்களில் இருந்தன. 2004, 2005 வாக்கில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி மொத்தப் பெயர்ப் பட்டியலையும் மாற்றினார்கள். பறவை முன்மூளையின் பெரும்பகுதி பாலூட்டிகளின் புறணி வளர்கிற அதே கருப் பகுதியிலிருந்துதான் வளர்கிறது என்பதற்கு அதற்குள் போதுமான சான்று சேர்ந்திருந்தது. அதோடு, காகம், கிளி போன்றவற்றின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சின்ன வீடுதான், ஆனா குடித்தனம் அதிகம்.

நமக்கு இன்று முக்கியம் அமிக்டாலா. நம் மூளையில் காதுக்கு நேராக உள்ளே, பாதாம் பருப்பு வடிவில் இருக்கிற பகுதி. "இது ஆபத்து" என்று கற்றுக்கொள்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பறவையிலும் இதற்கு இணையான பகுதி முன்மூளையின் பின்பக்கத்தில், ஆர்க்கோபேலியம் என்ற பகுதியை ஒட்டி இருக்கிறது.

இது வெறும் பெயர்ப் பொருத்தம் இல்லை. 1970களிலேயே டேவிட் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புறாக்களை வைத்துச் சோதித்திருக்கிறார். ஒரு விளக்கு எரியும், சில நொடிகளில் காலில் லேசான மின் அதிர்ச்சி. சில தடவைக்குப் பிறகு விளக்கு எரிந்தவுடனேயே புறாவின் இதயம் வேகமாக அடிக்க ஆரம்பித்துவிடும். நமக்கு ஊசி போடப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டாலே நெஞ்சு அடிச்சுக்குதே, அதே மாதிரி. ஆனால் அமிக்டாலாவுக்கு இணையான அந்தப் பகுதி சேதமான புறாக்களில் இந்தக் கற்ற படபடப்பு குலைந்துவிட்டது.

முழித்திருக்கும் காகத்தை எப்படி ஸ்கேன் செய்வது?

சரி, புறாவும் விளக்கும் ஆய்வுக்கூட விஷயம். ஒரு காட்டுக் காகம் தன்னைப் பிடித்த ஆளின் முகத்தைப் பார்க்கும் நொடியில் உள்ளே என்ன நடக்கிறது? 2012இல் மார்ஸ்லஃப் குழுவினர் இதை நேரடியாகவே பார்த்தார்கள்.

12 காகங்களைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே முகமூடி போட்டிருந்தார்கள். பிறகு நான்கு வாரம் அவற்றைப் பராமரித்தார்கள். தீனி வைத்தவர்கள், கூண்டைச் சுத்தம் செய்தவர்கள் எல்லோரும் வேறு ஒரு முகமூடி. ஆக, காகங்களுக்கு மனித குலத்தில் இரண்டே முகங்கள் தெரியும்: பிடித்த முகம், சோறு போட்ட முகம்.

இப்ப ஒரு சிக்கல். ஸ்கேன் எடுக்க உடம்பு அசையக் கூடாது. மயக்க மருந்து கொடுத்தால் காகம் எதையும் பார்க்காது. இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு ரொம்ப அழகு. லேசான கதிரியக்கம் கொண்ட ஒரு குளூக்கோஸ் மாதிரிப் பொருளை ஊசி மூலம் ஏற்றினார்கள். நம் ஊரில் புற்றுநோய்க்கு பெட் ஸ்கேன் எடுக்கும்போது ஏற்றுகிற அதே பொருள்தான். வேலை செய்கிற நரம்பணுவுக்குச் சர்க்கரை வேண்டும், எனவே எந்தப் பகுதி அதிகம் உழைக்கிறதோ அங்கே இது போய்ச் சேரும். சேர்ந்தால் சர்க்கரை போலக் கரைந்து போகாமல் அங்கேயே தங்கிவிடும்.

அதனால் ஊசி போட்ட பிறகு காகம் முழுமையாக முழித்திருக்கும்போது முகத்தைக் காட்டினார்கள். பிறகு மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். மயங்கிக் கிடக்கும் காகத்தின் மூளையில், சற்று முன் அது முகத்தைப் பார்த்தபோது எந்த இடம் வேலை செய்ததோ அந்தத் தடம் அப்படியே இருந்தது. காகத்தைக் கொல்லாமலே பார்க்க முடிந்தது என்பதுதான் இந்த முறையின் பெரிய விஷயம்.

முடிவு என்ன? எந்தத் தெரிந்த முகமாக இருந்தாலும், பார்த்ததை அடையாளம் காண்பதற்கும் வேறுபடுத்துவதற்குமான முன்மூளைப் பகுதிகள் இயங்கின. பிடித்த முகத்தைக் கண்டபோது அவற்றோடு அமிக்டாலா பகுதி, தலாமஸ், மூளைத்தண்டு ஆகியவையும் சேர்ந்துகொண்டன. இவை நம்மிலும் பயத்தைக் கற்பதோடு தொடர்புள்ள சுற்று. சோறு போட்ட முகத்துக்கு இந்தச் சுற்று இல்லை. ஆர்வம், எதிர்பார்ப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய ஸ்ட்ரையேட்டம் போன்ற பகுதிகள் இயங்கின.

இதிலிருந்து நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பயம் என்பது பீரோவில் ஒரே தட்டில் மடித்து வைத்த புடவை மாதிரி இல்லை. "இது யார்" என்பது ஒரு இடம். "இவர் ஆபத்து" என்பது வேறொரு இடம். "உடனே கத்து, பற, இதயத்தை வேகமாக அடி" என்று உடம்பை முடுக்குவது இன்னொரு இடம். இந்த இடங்களுக்கு நடுவில் உறுதியான இணைப்பைத்தான் நாம் பய நினைவு என்கிறோம்.

ஒரு மணி, ஒரு கொத்து, சில மணி நேரம்

அந்த இணைப்பு எப்படி உறுதியாகிறது? இதற்கு நம்மை அழைத்துப் போகிறது பிறந்து ஒரு நாளே ஆன ஒரு கோழிக்குஞ்சு.

பிரிட்டனில் ஓப்பன் யூனிவர்சிட்டியில் ஸ்டீவன் ரோஸ் என்ற நரம்பியலாளர் பல ஆண்டுகள் இந்தக் குஞ்சுகளோடு வேலை செய்தார். கோழிக்குஞ்சு வளர்த்தவங்களுக்குத் தெரியும், கண்ணில் பட்டதை எல்லாம் அது கொத்திப் பார்க்கும். பளபளப்பான ஒரு சின்ன மணியை நீட்டினால் உடனே கொத்தும். அந்த மணியில் கசப்பான ஒரு திரவத்தைத் தடவி நீட்டுவார்கள். குஞ்சு ஒரே ஒரு தடவை கொத்தும். தலையை உதறும், அலகைத் தரையில் தேய்க்கும். அவ்வளவுதான் பாடம். அடுத்த நாள் அதே மாதிரி மணியைக் காய்ந்த நிலையில் நீட்டினாலும் கொத்தாது. வேறு நிறத்து மணியை நீட்டினால் கொத்தும். அதாவது பொதுவா பயந்து போகலை, "இந்த மணி வேண்டாம்" என்று குறிப்பாகக் கற்றிருக்கிறது. இது கண்டிப்பாகப் பார்த்தால் பயம் இல்லை, ஒதுக்கல். ஆனால் ஒரே ஒரு கெட்ட அனுபவம் நீண்ட நாள் நினைவாக எப்படி மாறுகிறது என்று பார்க்க இதைவிட எளிமையான ஏற்பாடு கிடைப்பது கஷ்டம். பாடம் நடந்த நொடி துல்லியமாகத் தெரியும், இல்லையா?

கொத்திய சில நிமிடங்களில் குஞ்சின் முன்மூளையில் குறிப்பிட்ட பகுதிகளில் நரம்பணுக்களுக்கு இடையே வேதிச் செய்திகள் அதிகமாகின்றன. அது சில மரபணுக்களை இயக்குகிறது. மரபணுக்கள் புதுப் புரதங்களைச் செய்யச் சொல்கின்றன. அந்தப் புரதங்கள் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களை மாற்றிக் கட்டுகின்றன. பாடம் படித்த குஞ்சுகளின் நரம்பணுக் கிளைகளில் முள் போன்ற சின்னஞ்சிறு நீட்சிகள் கூடியிருப்பதையும் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுமானம் தேவைதானா என்பதைச் சோதிக்க, புரதம் உருவாவதைத் தடுக்கும் ஒரு மருந்தைப் பாடத்தை ஒட்டிய நேரத்தில் கொடுத்தார்கள். குஞ்சு அப்போதைக்குக் கற்றுக்கொள்கிறது, கொஞ்ச நேரம் மணியை ஒதுக்கவும் செய்கிறது. ஆனால் அடுத்த நாள் மறந்துவிட்டுக் கொத்துகிறது. ஆக, குறுகிய கால நினைவு ஒரு வேலை, நீண்ட கால நினைவு இன்னொரு வேலை.

இன்னும் சுவாரசியம் இருக்கு. 1995இல் ரோஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவுப்படி, நினைவு குலையக் கூடிய ஜன்னல் ஒன்று இல்லை, இரண்டு. முதலாவது பாடத்தை ஒட்டி. இரண்டாவது, சுமார் நான்கு ஐந்து மணி நேரம் கழித்து. நடுவில் மருந்து கொடுத்தால் நினைவு தப்பித்துவிடுகிறது. புது வீட்டுக்கு தளம் போடுற மாதிரின்னு வச்சுக்கலாம். கான்கிரீட் கொட்டினதும் வேலை முடிஞ்சுடாது. அதுக்கப்புறம் தண்ணி ஊத்தி இறுக விடணும், அதுக்கும் ஒரு நேரம் இருக்கு.

இதைப் படித்தபோது எனக்கு என் மாடி ஞாபகம்தான் வந்துச்சு. குஞ்சைப் பெட்டியில வச்சுட்டு நான் கீழே போய் டீ குடிச்சிட்டு, மதியம் சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கமும் போட்டேன். எனக்கு அந்தச் சம்பவம் முடிஞ்சு போச்சு. அதே நேரத்துல அந்த ரெண்டு காக்காவோட தலைக்குள்ள இப்படி ஏதோ ஒரு கட்டட வேலை நடந்துகிட்டு இருந்திருக்கும்.

பயம் தங்கினால் என்ன விலை?

"பறவைக்கு ஞாபகம் இருந்தா என்ன, பயந்தா என்ன, உயிரோட இருக்குல்ல?" என்று தோன்றலாம். கனடாவில் லியானா சானெட் என்ற ஆய்வாளரின் குழு இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது.

2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒரு பாடும் சிட்டு இனத்தைப் பற்றியது. கூடுகளுக்கு உண்மையான வேட்டைப் பிராணிகள் வராதபடி வலையும் மின்வேலியும் போட்டுவிட்டார்கள். பிறகு ஒலிபெருக்கியில் சில இடங்களில் வேட்டைப் பிராணிகளின் குரலையும், சில இடங்களில் ஆபத்தில்லாத பிராணிகளின் குரலையும் ஒலிக்க விட்டார்கள். வெறும் சத்தம்தான், ஒரு குஞ்சைக் கூட எதுவும் தொடவில்லை. ஆனாலும் ஆபத்தான குரலைக் கேட்ட சிட்டுகள் அந்த ஆண்டு வளர்த்தெடுத்த குஞ்சுகள் 40 சதவீதம் குறைவு. பயந்த தாய் குறைவாக முட்டையிடுகிறது, அடைகாக்கும்போது அடிக்கடி எழுந்து போகிறது, இரை கொண்டு வருவது குறைகிறது.

அதே குழு 2019இல் கருந்தொப்பி சிக்கடீ என்ற சின்னப் பறவையின் மூளையைப் பார்த்தது. இரண்டு நாள் வேட்டைப் பறவைகளின் குரல். பிறகு ஏழு நாள் அந்தக் குரல் எதுவுமே இல்லாமல் மற்ற பறவைகளோடு விட்டார்கள். அதற்குப் பிறகும் அமிக்டாலா பகுதியிலும், இடங்களையும் சூழ்நிலைகளையும் நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸிலும், நீண்ட நாள் மாற்றத்தைக் காட்டும் ஒரு புரதம் மற்றப் பறவைகளைவிட அதிகமாக இருந்தது. தன் இனத்தின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டபோது இவை அதிக நேரம் விறைத்து நின்றன. போரிலிருந்து திரும்பியவர்களிடம் பார்க்கிற பாதிப்போடு இதை அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள்.

எனவே பய நினைவு பறவைக்கு இலவசமாகக் கிடைக்கிற பாதுகாப்பு இல்லை. அது இல்லாவிட்டால் பூனை தின்றுவிடும். அளவுக்கு மேல் இருந்தால் குஞ்சு பட்டினி கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு பறவையும் கூடு கட்டுகிறது.

ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்கு

இப்போது ஓரமாக வைத்த கேள்வி. பிடிபடாத 40 காகங்களுக்கு அந்த முகத்தை யார் சொல்லிக் கொடுத்தது?

இதற்கான பழைய துப்பு ஜெர்மனியிலிருந்து, 1978இல். எபர்ஹார்ட் கியூரியோவும் அவருடைய குழுவும் இரண்டு கரும்பறவைகளை எதிரெதிர் கூண்டில் வைத்தார்கள். நடுவில் தடுப்புகள் கொண்ட ஒரு பெட்டி. முதல் பறவைக்குப் பெட்டியில் ஆந்தை பொம்மை தெரியும். அது பார்த்துவிட்டுக் கத்தும். இரண்டாவது பறவைக்கு அதே நேரத்தில் ஆந்தை தெரியாது, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு சாதுவான பறவையின் பொம்மைதான் தெரியும். தன் பக்கத்து வீட்டுக்காரன் இதைப் பார்த்துத்தான் கத்துகிறான் என்று நினைத்து அதுவும் கத்த ஆரம்பிக்கும். பிறகு தனியாக அந்தச் சாதுப் பறவையைக் காட்டினாலும் கத்தியது. அதைப் பார்த்து மூன்றாவது, நான்காவது என்று, இந்தத் தவறான பயம் ஆறு பறவைகள் வரை கைமாறியது. பல நிறப் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை வைத்தும் பார்த்தார்கள். அதற்கும் பயப்பட வைக்க முடிந்தது.

சியாட்டிலிலும் இதுதான். ஒரு காகம் கரைந்தால் மற்றவை வந்து கூடுகின்றன. எதைப் பார்த்துக் கரைகிறது என்று பார்க்கின்றன. குஞ்சுகள் அப்பா அம்மா கரைகிற முகத்தைப் பார்த்துக் கற்கின்றன. தான் நேரில் படாத ஆபத்தையும் மூளை "ஆபத்து" என்றே பதிந்துகொள்கிறது. அந்த 7 காகங்களின் அனுபவம் அந்த வளாகத்தின் அனுபவமாகிவிட்டது.

ஆனால் நித்தியமாக இல்லை. வருடம் செல்லச் செல்லக் கரைகிற காகங்கள் குறைந்தன. 17 வருடம் கழித்து, 2023 செப்டம்பரில் மார்ஸ்லஃப் அதே முகமூடியோடு நடந்தபோது, முதல்முறையாக ஒரு காகம் கூட அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்த முகத்தை வெறுக்கச் சொல்லிக் கொடுக்கிற கடைசிக் காகமும் போய்விட்டது போல.

நேயர் கேள்விகள்

முன்கூட்டியே தலைப்பைச் சொல்லியிருந்ததால் சில கேள்விகள் வந்திருந்தன. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: "தினமும் சோறு வச்சா காக்கா பழசை மறந்துடுமா?"

மறக்காது, ஆனால் மேலே வேறொன்று எழுதப்படலாம். பாவ்லோவ் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது. கற்ற பயம் பலமுறை பொய்த்துப் போனால் எதிர்வினை அடங்கும். ஆனால் சில நாள் இடைவெளி விட்டால் அது தானாகவே மறுபடி தலைகாட்டும். அதாவது பழைய பாடம் அழியவில்லை. "இப்போதைக்கு ஆபத்தில்லை" என்ற புதுப் பாடம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. சியாட்டில் ஸ்கேனிலும் பிடித்த முகத்துக்கும் சோறு போட்ட முகத்துக்கும் சுற்றுகள் வேறு வேறு என்று பார்த்தோம். என் முகம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரே நாளில் மாறிவிடாது. பொறுமையா, தூரத்துல வச்சுட்டு நகர்ந்துடணும்.

இரண்டாவது கேள்வி: "அப்ப கீழே விழுந்த குஞ்சை எடுக்கவே கூடாதா?"

இதை நான் போன மே மாசமே தெரிஞ்சு வச்சிருக்கணும். இறகு முளைத்து, தத்தித் தாவுகிற குஞ்சு பெரும்பாலும் "விழுந்த" குஞ்சு இல்லை. பறக்கப் பழகுகிற குஞ்சு. தாய் தகப்பன் பக்கத்தில்தான் இருக்கும், தீனியும் கொடுக்கும். பூனையையும் நாயையும் கொஞ்ச நேரம் விலக்கி வைத்தாலே போதும். ரொம்ப ஆபத்தான இடமாக இருந்தால் பக்கத்துச் செடியிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு உடனே விலகிவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சாக இருந்தால், கூடு எட்டினால் கூட்டில் வைக்கலாம். மனுஷ வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை இல்லை. ஆனால் வைத்தவரின் முகத்தை அது மறக்காது என்பதற்கு என் பின்மண்டை சாட்சி.

கடைசியாக

இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்ச பிறகு என் மாடி வழக்கத்தைக் கொஞ்சம் மாத்திக்கிட்டேன். காலையில அம்மா சோறு வைக்கும்போது நானும் கூடப் போறேன். கதவுப் பக்கத்துலயே நின்னுடறேன், கையைத் தூக்கறதில்லை, மேலே நிமிர்ந்து பார்க்கறதில்லை. மூணு வாரமாச்சு. கத்தறது நிக்கலை, ஆனா தலைக்கு வர்றது குறைஞ்சிருக்கு. போன வாரம் ஒரு இளங்காக்கா, வாய் ஓரம் இன்னும் லேசா சிவந்திருந்தது, கைப்பிடிச் சுவத்துல உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கத்துச்சு. நான் கையில எடுத்த குஞ்சு அதுதானா, இல்ல வேற கூட்டுக் குஞ்சு பெருசுங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சான்னு எனக்குத் தெரியலை. அம்மாகிட்ட சொன்னேன். "அதுக்கும் சேர்த்து ஒரு பிடி வைக்கறேன், நீ உள்ள போ"ன்னாங்க.

துண்டு இன்னும் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கிட்டுதான் இருக்கு.

உங்க வீட்டுப் பக்கத்துப் பறவைகள் உங்களை அடையாளம் வச்சிருக்கிற கதை இருந்தா எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோடில் பேசலாம். அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட சந்திப்போம்.